மழையும் மாரத்தானும்: பாஸ்டன் 2018

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சென்ற நவம்பர் மாதம் நம் கல்லூரியின் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத் தேர்வு நடைபெற்ற காலையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது நண்பர்கள் பலருக்கு நினைவிருக்கும். ஏழாவது கிலோமீட்டர் வரையில் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்த நான், புறவழிச்சாலைத் திருப்பத்தில் நின்றுவிட்டேன். எனக்கு வெகுதூரம் பின்னால் வந்துகொண்டிருந்த வகுப்புத் தோழர் ஒருவர் நிற்காமல் ஓடி மூன்றாமிடம் பெற்றார். பல்கலைக்கழகப் போட்டிக்கும் அவரே சென்றார். "மழை வந்தது, அவனுக்கு யோகம் அடித்தது" என்று அன்று மாலை சைக்கிள் நிறுத்துமிடத்தில் நாலு பேர் கேட்கச் சொன்னேன். அந்த நாலு பேரில் ஒருவர் நம் உடற்கல்வி இயக்குநர் அவர்கள் என்பதைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் அறிந்தேன்.

அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "2018ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானைப் பற்றிப் படித்துவிட்டு வா. அதன் பிறகு யோகத்தைப் பற்றிப் பேசலாம்" என்று மட்டும் சொல்லிச் சென்றார்கள். அவ்வாறு படித்ததன் விளைவே இக்கட்டுரை. விளையாட்டுக் கட்டுரையாகத் தொடங்கியது இடையில் இயற்பியல் கட்டுரையாகிவிட்டதைப் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர் தூரம் ஓடும் ஓட்டம் என்பதை யாவரும் அறிவோம். 1896இல் ஏதென்சு நகரில் நடைபெற்ற ஒலிம்பிக்கில் இவ்வோட்டம் இடம்பெற்றது. மறு ஆண்டே, அதாவது 1897இல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தார் தங்கள் ஊரிலும் அதைத் தொடங்கிவிட்டனர். ஆண்டுதோறும் நடக்கும் மாரத்தான்களில் இதுவே மிகப் பழமையானது. பெண்களுக்கு முறைப்படி இடம் கிடைத்தது 1972இல்தான் என்பதை நம் மாணவியர் குறித்துக்கொள்க.

பாஸ்டன் பாதையின் அமைப்பு தனித்தன்மை வாய்ந்தது. தொடக்கம் ஹாப்கின்டன் என்னும் சிற்றூர். முடிவு பாஸ்டன் நகரின் பாயில்ஸ்டன் தெரு. மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரே போக்கில் செல்வதன்றிப் போன வழியே திரும்பி வருவதில்லை. சுற்றி வரும் பாதையாயின் ஒரு பக்கம் எதிர்த்த காற்று மறுபக்கம் முதுகைத் தள்ளும். கணக்கு ஓரளவு நேராகும். பாஸ்டனில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2011ஆம் ஆண்டு காற்று பின்னாலிருந்து வீசியது. கென்ய நாட்டு ஜெஃப்ரி முடாய் 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடி முடித்தார். அது அன்றைய உலக சாதனையைவிட விரைவானது. ஆயினும் ஒரே திசையில் இறங்கிச் செல்லும் பாதை என்பதால் உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. ஏழாண்டுகள் கழித்து, அதே சாலையில், காற்று முகத்துக்கு நேரே வீசிய நாளில் முதலாவதாக வந்தவருக்கு ஏறத்தாழ 13 நிமிடம் கூடுதலாகத் தேவைப்பட்டது. அந்த நாள்தான் 2018 ஏப்ரல் 16.

அன்று காலையில் வெப்பநிலை ஏறத்தாழ 3 டிகிரி செல்சியஸ். ஹாப்கின்டன் மைதானத்தில் பழைய பனி கரையாமல் கிடந்தது. அதன்மேல் கொட்டும் மழை. மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று; இடையிடையே அதற்கும் மேலே. மழை, குளிர், காற்று ஆகிய மூன்றும் தனித்தனியே வந்தால் ஓட்டக்காரர் சமாளித்துக்கொள்வார். மூன்றும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முதலில் காற்றை எடுத்துக்கொள்வோம். காற்றின் தடை விசை சார்புத் திசைவேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும் என்று படித்திருக்கிறோம். ஓட்டக்காரரின் வேகம் விநாடிக்கு 5.2 மீட்டர் என்க. எதிர்க்காற்று விநாடிக்கு 8 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 29 கிலோமீட்டர் என்க. சார்பு வேகம் 13.2 மீட்டர். காற்றில்லாத நாளோடு ஒப்பிட்டால் வேகம் இரண்டரை மடங்கு. தடை ஆறு மடங்குக்கும் மேல். மரங்களும் வீடுகளும் மறைத்து ஆள் உயரத்தில் பாதிக் காற்றுதான் வந்தது என்று வைத்துக்கொண்டாலும் மூன்று மடங்கு. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை, தொடைக்குத் தெரியும்.

அடுத்தது வெப்பம். ஓடும் மனிதன் ஒரு கிலோமீட்டருக்கு, தன் எடையில் கிலோவுக்கு ஒன்று வீதம், கிலோகலோரிகளைச் செலவிடுகிறான் என்பது தோராயக் கணக்கு. அறுபது கிலோ எடையுள்ளவர் மேற்சொன்ன வேகத்தில் ஓடினால் மணிக்கு 1,100 கிலோகலோரி. அதில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிப்படுகிறது. வாட் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ ஆயிரம் வாட். ஒரு மின்னடுப்பு எரிவதற்குச் சமம். நம் ஊர் வெயிலில் இந்த வெப்பத்தை வெளியேற்ற முடியாமல்தான் ஓட்டக்காரர் மயங்கி விழுகிறார். பாஸ்டனில் அன்று நடந்தது இதற்கு நேர்மாறானது.

நியூட்டனின் குளிர்வு விதியை முதலாண்டுச் செய்முறை வகுப்பில் கலோரிமானியில் வெந்நீர் ஊற்றிச் செய்து பார்த்திருக்கிறோம். குளிர்வு வீதம் பொருளின் வெப்பநிலைக்கும் சுற்றுப்புற வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. தோலின் வெப்பநிலை 30 டிகிரி என்று கொண்டால், நம் ஊர் நவம்பர் மழையில் வேறுபாடு ஆறேழு டிகிரிதான். பாஸ்டனில் அன்று 27 டிகிரி. இதனோடு நனைந்த துணியும் சேருகிறது. உலர்ந்த துணி நமக்குக் கதகதப்பைத் தருவதற்குக் காரணம் அதன் இழைகளிடையே அடைபட்டிருக்கும் காற்று. மழை அந்தக் காற்றை விரட்டிவிட்டுத் தான் குடியேறுகிறது. நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தவல்லது. போதாக்குறைக்கு, அந்த நீரில் ஒவ்வொரு கிராமும் ஆவியாகும்போது சுமார் 580 கலோரியை உள்ளுறை வெப்பமாக உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. காற்று வீச வீச ஆவியாதல் தொடர்கிறது.

நான் நாள்தோறும் அதிகாலை நான்கு மணி முதல் ஆறரை மணி வரை சைக்கிளில் பால் பாக்கெட் போடுகிறேன். மழை நாளில் நனைந்த சட்டையோடு வேகமாக மிதிக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஒரு வீட்டு வாசலில் சில்லறைக்காக இரண்டு நிமிடம் நின்றால் பற்கள் தந்தியடிக்கும். காரணம் எளிது. மிதிக்கும்போது அடுப்பு எரிகிறது. நின்றால் அடுப்பு அணைகிறது. ஆனால் இழப்பு நிற்பதில்லை. பாஸ்டனில் இதுவே பெரிய அளவில் நிகழ்ந்தது. சோர்வினால் ஒருவர் வேகத்தைச் சற்றே குறைத்தால் உடல் உண்டாக்கும் வெப்பம் குறைகிறது. வெப்பம் குறைந்தால் தசை விறைக்கிறது. தசை விறைத்தால் வேகம் மேலும் குறைகிறது. நடக்கத் தொடங்கினாலோ முன்பிருந்த வெப்பத்தில் மூன்றிலொரு பங்குகூட இராது. உடலின் உள் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது நோய். நடுக்கமும் மனக்குழப்பமும் ஏற்பட்டுப் பேச்சும் தடுமாறும். அன்று ஆயிரக்கணக்கானோர் மருத்துவக் கூடாரங்களில் போர்வைக்குள் கிடத்தப்பட்டனர். உலகின் முன்னணி ஓட்டக்காரர்கள் பலர் வழியிலேயே நின்றுவிட்டனர். கொழுப்பே இல்லாத மெலிந்த உடல்தான் அவர்களுடைய மூலதனம். குளிரைத் தடுக்கும் போர்வையும் அந்தக் கொழுப்புதான் என்பது அன்று அவர்களுக்கு எதிராக வேலை செய்தது. ஆயினும் சாதாரண ஓட்டக்காரர்களில் 25,000க்கும் மேற்பட்டோர் ஓடி முடித்தனர். இடையில் நின்றவர்கள் ஆண்களில் நூற்றுக்கு 5 பேர், பெண்களில் 3.8. இதற்குக் காரணம் கூற நான் துணியவில்லை. விடுதி மாணவர்கள் விவாதித்துக்கொள்ளட்டும்.

இனி, வென்றவர்களைக் காண்போம்.

ஆண்கள் பிரிவில் முதலாவதாக வந்தவர் ஜப்பானைச் சேர்ந்த யூகி கவாவுச்சி. வயது 31. நேரம் 2 மணி 15 நிமிடம் 58 விநாடி. இவர் அப்போது சைதாமா மாநில அரசின் ஊழியர். ஒரு மேல்நிலைப் பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தர். ஜப்பானில் நல்ல ஓட்டக்காரர்களைப் பெரிய நிறுவனங்கள் தங்கள் அணியில் சேர்த்துச் சம்பளமும் பயிற்சியாளரும் கொடுத்து வைத்துக்கொள்வது வழக்கம். கவாவுச்சி அப்படி எந்த அணியிலும் இல்லை. அவர் பணியாற்றியது மாலை நேரப் பள்ளி. நண்பகலுக்குப் பின் அலுவலகம் சென்றால் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் வீடு. ஆகவே காலையில் ஒரு வேளை மட்டும் பயிற்சி. பிறர் இரண்டு வேளை ஓடுகிறார்களே, என் செய்வது? வார இறுதிகளில் எங்கெங்கோ நடக்கும் பந்தயங்களில் போய் ஓடி, பந்தயத்தையே பயிற்சியாக்கிக்கொண்டார். மற்றவர்கள் ஆண்டுக்கு இரண்டு மாரத்தான் ஓடினால் இவர் பத்துப் பன்னிரண்டு ஓடினார்.

2018 ஜனவரி முதல் நாள் இவர் செய்த ஒரு காரியம் என்னை மிகவும் கவர்ந்தது. பாஸ்டனுக்குத் தெற்கே மார்ஷ்ஃபீல்டு என்னும் ஊரில் புத்தாண்டு மாரத்தான். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 17 டிகிரி. கவாவுச்சி 2 மணி 18 நிமிடம் 59 விநாடியில் ஓடி முடித்தார். முழுத் தூரத்தையும் முடித்தவர் அவர் ஒருவர் மட்டுமே! கைதட்டவும் கூட்டமில்லாத அந்தச் சாலையில் ஓடியவருக்கு ஏப்ரல் மழை எப்படித் தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இதைவிட எனக்கேற்ற நாள் இல்லை என்ற பொருள்பட அவர் பின்னர் செய்தியாளர்களிடம் கூறியதில் வியப்பில்லை.

அன்று அவர் ஓடிய முறையைக் கைப்பேசியில் பலமுறை பார்த்தேன். முதல் மைலை 4 நிமிடம் 37 விநாடியில் ஓடி எல்லோரையும் திகைக்க வைத்தார். பிறகு கூட்டம் பிடித்துக்கொண்டது. மறுபடியும் முன்னால் பாய்ந்தார், மறுபடியும் பிடித்தார்கள். நியூட்டன் என்ற ஊரின் மேடுகளில் (நம் ஐசக் நியூட்டனுக்கும் அவ்வூருக்கும் யாதொரு தொடர்புமில்லை) முந்தைய ஆண்டின் வெற்றியாளரான கென்யாவின் ஜெஃப்ரி கிருய் தனியே பிரிந்து ஒரு நிமிடத்துக்கும் மேலான தூரம் முன்னேறிவிட்டார். சாதாரண நாளில் ஆட்டம் அத்துடன் முடிந்தது எனலாம். ஆனால் கிருயின் கால்கள் விறைக்கத் தொடங்கின. மேற்சொன்ன அடுப்புக் கணக்கு அப்படியே கண்ணெதிரே நடந்தது. கவாவுச்சி கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் அவரைக் கடந்து, இரண்டரை நிமிட அளவு இடைவெளியில் வென்றார். ஜப்பானியர் ஒருவர் பாஸ்டனில் வெல்வது 1987இல் தொஷிஹிகோ செக்கோ வென்றதற்குப் பின் அதுவே முதல்முறை. கவாவுச்சி பிறந்ததும் 1987இல்தான்.

பெண்கள் பிரிவின் கதை வேறு விதம். அமெரிக்க வீராங்கனை டெசிரே லிண்டன், காற்றுப் பின்னால் வீசிய அந்த 2011ஆம் ஆண்டில் இரண்டே விநாடியில் முதலிடத்தை இழந்தவர். 2018இல் தொடக்கத்திலேயே உடல் ஒத்துழைக்கவில்லை. நின்றுவிடலாம் என்ற முடிவுக்கே வந்து, பக்கத்தில் ஓடிய ஷலேன் ஃபிளனகனிடம், "நான் எப்படியும் நிற்கப் போகிறேன், உனக்கு ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்" என்ற கருத்தில் பேசியிருக்கிறார். ஃபிளனகன் இடையில் கழிப்பறைக்கு ஒதுங்கியபோது லிண்டன் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, அவரை மீண்டும் கூட்டத்தில் கொண்டுவந்து சேர்த்தார். பின்னர் மாலி ஹடில் என்ற மற்றொரு தோழிக்காகக் காற்றை மறைத்து ஓடினார். இப்படிப் பிறருக்காக ஓடிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தபோது தாமே முன்வரிசையில் இருப்பதைக் கண்டார். நிற்கும் எண்ணத்தைக் கைவிட்டு, வெகு முன்னால் சென்றிருந்த எத்தியோப்பியாவின் மமிட்டு டஸ்காவையும் கென்யாவின் கிளாடிஸ் செசைரையும் கடந்து, 2 மணி 39 நிமிடம் 54 விநாடியில் வென்றார். அமெரிக்கப் பெண்ணொருவர் அங்கு வென்று அன்றைக்கு 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவருக்கு 4 நிமிடம் 10 விநாடி பின்னால் வந்தவரைத்தான் அங்கிருந்தோர் யாருக்கும் தெரியவில்லை. சாரா செல்லர்ஸ், வயது 26, அரிசோனா மாநிலத்தில் அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் செவிலியர். முழு நேர வேலை. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தோ, வேலை முடிந்த பின்னரோ ஓடிப் பழகியவர். வாழ்க்கையில் அது அவருக்கு இரண்டாவது மாரத்தான். நுழைவுக் கட்டணத்தைத் தாமே கட்டி வந்தவர். ஓடி முடித்ததும் எத்தனையாவது இடம் என்று அங்கிருந்த அலுவலரைக் கேட்க, இரண்டாவது என்று அவர் சொல்ல, செல்லர்ஸ் நம்பவில்லை. பரிசு 75,000 டாலர். தம்முடைய படிப்புக் கடனை அடைக்கப் போவதாகச் செய்தியாளர்களிடம் கூறினார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். படிப்புக்காக வாங்கிய கடன் என்பது இரவில் தூங்கும்போதும் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் என்பதை அறிவேன். அவ்வரியை இரண்டு முறை படித்தேன்.

மூன்றாமவர் கனடாவின் கிறிஸ்டா டுஷேன், 41 வயது, மூன்று குழந்தைகளின் தாய். நான்காமவர் ஒரு பள்ளி ஆசிரியை.

இங்கேதான் என் கேள்வி எழுகிறது. எழுத்தரும் செவிலியரும் ஆசிரியையும் முன்னிடம் பெற்றது மழையினால்தானே? இதை மறுக்க முயல்வது உண்மைக்குப் புறம்பாகும். செல்லர்ஸ் அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் ஓடினார். வானிலை நன்றாக இருந்தது. பாஸ்டனைவிடச் சில நிமிடங்கள் விரைவாகவே ஓடினார். ஆயினும் முதல் பத்துப் பேருக்குள் வர இயலவில்லை. ஆகவே மழை அவருக்கு உதவியது என்பது உறுதி. நின்றுவிட்டவர்களைக் கோழை என்பதும் தவறு. ஆண்டுக்கு இரண்டே பந்தயங்களை நம்பிக் குடும்பம் நடத்தும் தொழில்முறை ஓட்டக்காரர், ஒன்று கெட்டுவிட்டால் உடலைக் காத்து அடுத்ததற்கு வைத்துக்கொள்வது சரியான கணக்கே.

ஆனால் என் பேச்சில் இருந்த பிழை வேறிடத்தில் இருக்கிறது. பாஸ்டனில் மழை எல்லோர் தலையிலும்தான் பெய்தது. அது செல்லர்ஸின் வேகத்தைக் கூட்டவில்லை. எல்லோருடைய வேகத்தையும் குறைத்தது. அவருடையதைக் குறைவாகக் குறைத்தது. இயற்பியலில் ஒரு பொருளின் இயல்பை அறிய வேண்டுமானால் சூழ்நிலையை மாற்றிப் பார்க்கிறோம். அறை வெப்பநிலையில் ஒன்றுபோல் தோன்றும் இரு கம்பிகள் சூடாக்கினால் வெவ்வேறாக நீள்கின்றன. நீளும் தன்மையைச் சூடா கொடுத்தது? தன்மை முன்பே இருந்தது. வேலைக்கு முன்னும் பின்னும், வசதியில்லாத வேளைகளில் ஓடிப் பழகிய உடம்பு, வசதி கெட்ட நாளில் வித்தியாசம் அறியவில்லை. நல்ல வானிலையில் நடக்கும் பந்தயங்கள் இந்த ஒன்றை மட்டும் அளப்பதே இல்லை.

இதில் என்னைக் குத்துவது யாதெனில், நானும் நாள்தோறும் நாலு மணிக்கு எழுகிறவன்தான். மழைக்காக ஒரு நாளாவது பால் போடாமல் இருந்ததில்லை. அன்று தேர்வுக்கு வந்ததும் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான். குளிர் என்னை நிறுத்தவில்லை; மேலே கணக்கிட்டபடி வேறுபாடு ஆறேழு டிகிரிதானே. முன்னால் ஓடிய இருவரின் முதுகும் கண்ணுக்கு மறைந்தது, இனி முதலிடம் இல்லை என்று தோன்றியது, நின்றேன்.

இக்கட்டுரைக்காகக் கவாவுச்சியைப் பற்றிப் படித்த பிறகு அந்த வகுப்புத் தோழரிடம் சென்று, நான் நின்றதைப் பார்த்ததும் என்ன நினைத்தாய் என்று கேட்டேன். நான் நின்றதையே அவர் பார்க்கவில்லையாம். மழையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடியதில், தாம் ஆறாவதாகவோ ஏழாவதாகவோ ஓடிக்கொண்டிருப்பதாக எண்ணியிருந்தாராம். முடிவுக் கோட்டில் கையில் "3" என்ற அட்டையைக் கொடுத்தபோது, தவறாகக் கொடுத்துவிட்டார்கள் என்று திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறார்.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் நான் சொன்னது அவர் காதுக்கும் எட்டித்தான் இருக்கிறது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பல்கலைக்கழகப் போட்டிக்குச் சென்றபோது மேல்சட்டை கனமாக இருந்ததால் சிரமப்பட்டதாகவும், அடுத்த முறை மெல்லியதாக வாங்க வேண்டும் என்றும் சொன்னார். வரும் ஆண்டுத் தேர்வும் நவம்பரில்தான் நடைபெறும் என்று உடற்கல்வி இயக்குநர் அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இருவரும் பெயர் கொடுத்திருக்கிறோம்.